44.6 யூரோவில் நின்றுபோன வரி: பிரான்ஸின் எரிசக்தி மாற்றமும் மஞ்சள் அங்கிக் கிளர்ச்சியும்

பிரான்ஸில் பெட்ரோல், டீசல், வீட்டை வெப்பமூட்டும் எரிவாயு, எண்ணெய் ஆகியவற்றின் மீதான வரிக்குள்ளேயே ஒரு கரிம வரி அடங்கியிருக்கிறது. எரிபொருள் எரியும்போது வெளியாகும் கரியமில வாயுவைக் கணக்கிட்டு, டன்னுக்கு இவ்வளவு என்று விதிப்பார்கள். 2018 ஜனவரியில் அது டன்னுக்கு 44.6 யூரோவாக உயர்ந்தது. நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தின்படி 2019இல் 55, 2020இல் 65.4, 2021இல் 75.8, 2022இல் 86.2 என்று அது ஏறியிருக்க வேண்டும். இன்றுவரை ஒரு யூரோகூட ஏறவில்லை. இடையில் வந்த பிரதமர்கள் யாருக்கும் அதைத் தொடும் துணிவு வரவில்லை.

காலநிலை மாற்றத்தைத் தடுப்பதற்குப் பொருளியலாளர்கள் முதலில் பரிந்துரைக்கும் கருவி கரிம வரி. வலுவான அரசு, பயிற்சி பெற்ற அதிகார வர்க்கம், 2015 பாரிஸ் ஒப்பந்தத்தை நடத்திக் காட்டிய பெருமை எல்லாம் உள்ள நாடு பிரான்ஸ். அங்கேயே அந்தக் கருவி ஏன் முறிந்தது என்பது இந்த ஆய்வின் முதல் கேள்வி. முறிந்த பிறகு ஜனநாயகத்தைக் கொண்டு அதைச் சரிசெய்ய எடுத்த முயற்சிகள் என்ன ஆயின என்பது இரண்டாவது. இரண்டுக்கும் ஒரே விடைதான் என்று எனக்குப் படுகிறது. செலவை யார் தலையில் வைப்பது என்ற அரசியல் கேள்வியை முன்கூட்டியே வெளிப்படையாகப் பேசித் தீர்க்காமல், கணக்கு வழக்கு விஷயம்போல வரவுசெலவுத் திட்டத்துக்குள் நுழைத்துவிட்டார்கள். பேச்சு பிறகு, 2018இன் மஞ்சள் அங்கிக் கிளர்ச்சியாக, தெருவில் தொடங்கியது.

வரி வந்த வழி

2009இல் அதிபர் நிக்கோலா சர்க்கோசி முதல் கரிம வரியைக் கொண்டுவந்தார். டன்னுக்கு 17 யூரோ. அதில் கவனிக்க வேண்டிய ஓர் அம்சம் இருந்தது: வசூலாகும் பணம் குடும்பங்களுக்கே திரும்பிப் போகும். வயது வந்த ஒவ்வொருவருக்கும் 46 யூரோ. பொதுப் போக்குவரத்து இல்லாத ஊர்க்காரர்களுக்கு 61 யூரோ. நகரத்தில் மெட்ரோவில் போகிறவரும், கிராமத்தில் காரை விட்டால் வேறு வழியில்லாதவரும் ஒன்றல்ல என்பதை அந்தத் திட்டம் கணக்கில் எடுத்துக்கொண்டிருந்தது.

2010 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வர வேண்டிய அந்த வரியை, மூன்று நாட்களுக்கு முன், டிசம்பர் 29 அன்று, சட்டங்கள் அரசியல் சாசனத்துக்குப் பொருந்துகின்றனவா என்று பார்க்கும் அரசியல் சாசன மன்றம் ரத்து செய்தது. மன்றம் சொன்ன காரணத்தை இன்றைக்கும் படித்துப் பார்க்கலாம். வாகன எரிபொருள் நீங்கலாகத் தொழிற்சாலைகள் வெளியிடும் கரியமில வாயுவில் 93 சதவீதத்துக்கு வரிவிலக்கு தரப்பட்டிருந்தது. பெரிய ஆலைகளை விட்டுவிட்டு வீடுகளிடம் மட்டும் வசூலிப்பது, பொதுச் சுமையை எல்லோரும் சமமாகத் தாங்க வேண்டும் என்ற கோட்பாட்டுக்கு எதிரானது என்றது மன்றம். ஒன்பது ஆண்டுகள் கழித்து மஞ்சள் அங்கி அணிந்து ரவுண்டானாக்களில் நின்ற போராட்டக்காரர்கள் சொன்னதும் இதையேதான். நீதிமன்ற மொழியில் முன்பே எழுதப்பட்டிருந்த எச்சரிக்கை அது.

அடுத்த எச்சரிக்கை 2013இல் நாட்டின் வடமேற்கே உள்ள பிரெத்தாஞ் பகுதியிலிருந்து வந்தது. லாரிகளிடம் கிலோமீட்டர் கணக்கில் வசூலிக்கும் சுற்றுச்சூழல் வரிக்காக நெடுஞ்சாலைகளில் இரும்பு வளைவுகளும் கேமராக்களும் நிறுவப்பட்டிருந்தன. வேலையிழப்பில் தவித்துக்கொண்டிருந்த விவசாயிகள், இறைச்சி ஆலைத் தொழிலாளர்கள், சிறு முதலாளிகள் சிவப்புத் தொப்பி அணிந்து திரண்டு அந்த வளைவுகளை எரித்தார்கள். பிரதமர் ழான்-மார்க் எரோ வரியை நிறுத்திவைத்தார். மறு ஆண்டு அது அடியோடு கைவிடப்பட்டது. வசூல் செய்யவிருந்த நிறுவனத்துக்கு அரசு கொடுத்த இழப்பீடு ஏறக்குறைய 100 கோடி யூரோ.

அதே நேரத்தில்தான் பிரான்சுவா ஒலாந்து அரசு கரிம வரியை மீண்டும் கொண்டுவந்தது. இந்த முறை சத்தமே இல்லை. தனிப் பெயரில் புதிய வரியாக வராமல், ஏற்கெனவே இருந்த எரிபொருள் வரிக்குள் ஒரு கூறாக நுழைந்தது. 2014இல் டன்னுக்கு 7 யூரோ. முதல் ஆண்டில் பெட்ரோல் நிலையத்தில் விலை கூடாதபடி எரிபொருள் வரியின் மற்றக் கூறைக் குறைத்துக்கொண்டார்கள். வீடுகளுக்குப் பணம் திருப்பித் தரும் ஏற்பாடு காணாமல் போயிருந்தது. வசூலின் பெரும்பகுதி நிறுவனங்களுக்கான வரிச்சலுகையை ஈடுகட்டப் போனது. 2015இல் 14.5, 2016இல் 22, 2017இல் 30.5 என்று வரி ஏறியது. அந்த ஆண்டுகளில் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் சரிந்து கிடந்தது. 2014இல் பீப்பாய் 100 டாலரைத் தாண்டியிருந்த விலை 2016 தொடக்கத்தில் 30 டாலருக்கும் கீழே இறங்கியது. வரி ஏறியதை யாரும் உணரவில்லை. உணராததை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டது அரசு. இந்தக் கதையில் நிகழ்ந்த முதல் பெரிய பிழை இதுதான் என்று நினைக்கிறேன்.

2015இல் வந்த எரிசக்தி மாற்றச் சட்டம் 2020க்கு 56, 2030க்கு 100 யூரோ என்று இலக்கு வைத்தது. 2017இல் இம்மானுவேல் மக்ரோன் வந்ததும் வேகம் கூட்டப்பட்டது. முதல் வரவுசெலவுத் திட்டத்திலேயே 2018க்கு 44.6, 2022க்கு 86.2 என்று அட்டவணை போட்டார்கள். கூடவே, பெட்ரோலைவிட டீசலுக்கு இருந்த வரி வித்தியாசத்தையும் படிப்படியாக நீக்க முடிவாயிற்று. இரண்டும் சேர்ந்து 2018 ஜனவரியில் டீசல் லிட்டருக்கு 7.6 சென்ட், பெட்ரோல் 3.9 சென்ட் வரி கூடியது.

நாடாளுமன்றத்தின் கீழவையான தேசியச் சட்டமன்றத்தில் எதிர்ப்பு பெரிதாக இல்லை. ஆளுங்கட்சிக்கு மட்டும் 577இல் 308 இடங்கள். ஆனால் அந்தப் பெரும்பான்மையைத் தந்த 2017 ஜூன் இரண்டாம் சுற்றில் வாக்களித்தவர்கள் 43 சதவீதத்துக்கும் குறைவு. பாதிக்கு மேற்பட்டோர் வீட்டிலேயே இருந்துவிட்ட தேர்தல் அது. சட்டப்படி எந்தக் குறையும் சொல்ல முடியாத பெரும்பான்மைதான். கசப்பான ஒரு முடிவைச் சுமக்கும் அளவுக்கு அதன் வேர் ஆழமாக இல்லை.

யார் கட்டினார்கள்

கரிம வரியின் தத்துவம் எளிமையானது. விலை ஏறினால் ஆட்கள் வேறு வழியைத் தேடுவார்கள். வேறு வழி இருந்தால்.

பிரான்ஸில் சிறு நகரங்களையும் அவற்றைச் சுற்றிய கிராமங்களையும் எடுத்துக்கொள்வோம். கிளை ரயில் பாதைகள் பல மூடப்பட்டுவிட்டன. பிரசவ மருத்துவமனை பக்கத்து ஊருக்குப் போய்விட்டது. அஞ்சலகம், வரி அலுவலகம், கடைத்தெரு எல்லாம் தள்ளிப் போயின. நகரத்தில் வீட்டு வாடகை கட்டுப்படியாகாமல் 30, 40 கிலோமீட்டர் தள்ளிக் குடியேறியவர்களுக்கு வேலைக்குப் போகக் கார் தேவை. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போனால் இரண்டு கார். அவற்றில் பெரும்பாலானவை டீசல் கார்கள். அப்படி வாங்கச் சொன்னதும் அரசுதான். பல பத்தாண்டுகள் டீசல் வரியைக் குறைவாக வைத்து உள்நாட்டுக் கார் நிறுவனங்களை வளர்த்தார்கள். 2012இல் விற்ற புதுக் கார்களில் பத்தில் ஏழுக்கு மேல் டீசல் கார்கள். அரசின் சொல்லைக் கேட்டு நடந்த குடும்பத்துக்கு அதே அரசு விதித்த அபராதமாகத்தான் அந்த வரி உணரப்பட்டது.

மறுபுறம் வரி கட்டாதவர்களின் பட்டியல். விமான எரிபொருளுக்கு இந்த வரி கிடையாது. லாரி நிறுவனங்களுக்கு ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது. விவசாயத்துக்கும் மீன்பிடிக்கும் சலுகை. பெரிய ஆலைகள், கரியமில வாயு வெளியிடும் அனுமதிகளை வாங்கி விற்கும் ஐரோப்பிய உமிழ்வு அனுமதிச் சந்தையில் இருந்தன. 2018 தொடக்கத்தில் அங்கே டன் விலை 10 யூரோவுக்கும் கீழே. அதிலும் ஆலைகளுக்கான அனுமதிகளில் பெரும்பங்கு இலவசமாகத் தரப்பட்டது. ஒரே டன் கரியமில வாயுவுக்கு டீசல் கார் வைத்திருக்கும் செவிலியர் 44.6 யூரோ கொடுக்க, சிமென்ட் ஆலை ஏறக்குறைய ஒன்றும் கொடுக்கவில்லை. இதை வைத்துக்கொண்டு நியாயம் பேச எந்த அமைச்சராலும் முடியாது.

வரி வந்த வேளையும் மோசம். அதே வரவுசெலவுத் திட்டம் செல்வ வரியை நீக்கிவிட்டு, அசையாச் சொத்துகளுக்கு மட்டுமான சிறு வரியாக அதைச் சுருக்கியது. கருவூலத்துக்கு ஆண்டுக்கு 320 கோடி யூரோ அளவில் இழப்பு. முதலீட்டு வருமானத்துக்கு ஒரே சீராக 30 சதவீத வரி என்று உச்சவரம்பு கட்டப்பட்டது. ஓய்வூதியம் பெறுவோரில் பலருக்குச் சமூகப் பங்களிப்பு வரி 1.7 புள்ளி கூடியது. வாடகை உதவித்தொகையில் மாதம் 5 யூரோ வெட்டு. இவற்றைத் தனித்தனியாக எடுத்து நியாயப்படுத்த வாதங்கள் இருந்தன. ஒரே ஆண்டில் எல்லாம் ஒன்றாக வந்தபோது, மேலே இருப்பவர்களுக்குத் தரவேண்டியதைக் கீழே இருப்பவர்களிடம் வாங்குகிறார்கள் என்ற முடிவுக்கு மக்கள் வந்தார்கள். எரிபொருள் வரி வசூலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் எரிசக்தி மாற்றத்துக்கான தனிக் கணக்குக்குப் போகிறது என்ற செய்தி அந்த முடிவை உறுதிசெய்தது.

2018 கோடையில் நாட்டுச் சாலைகளில் வேக வரம்பை 90இலிருந்து 80 கிலோமீட்டராகக் குறைத்தார்கள். ஆகஸ்ட் 28 அன்று சுற்றுச்சூழல் அமைச்சர் நிக்கோலா உலோ, அரசு எடுக்கும் அடிகள் போதவில்லை என்று வானொலி நேரலையிலேயே பதவி விலகினார். இலையுதிர்காலத்தில் கச்சா எண்ணெய் மீண்டும் ஏறியது. டீசல் ஓராண்டில் 23 சதவீதம் கூடி லிட்டர் 1.51 யூரோவைத் தொட்டது. உயர்வில் பெரும்பகுதி உலகச் சந்தையால் வந்ததுதான். ஆனால் ஜனவரியில் இன்னும் 6.5 சென்ட் டீசல் வரி ஏறப்போகிறது என்று நாள் குறித்துச் சொல்லியிருந்தது அரசு.

ரவுண்டானாக்கள்

பாரிஸுக்குக் கிழக்கே உள்ள சேன்-எ-மார்ன் மாவட்டத்தைச் சேர்ந்த பிரிசிலியா லூதோஸ்கி இணையத்தில் அழகுசாதனப் பொருட்கள் விற்று வந்தவர். எரிபொருள் விலையைக் குறைக்கக் கோரி 2018 மே மாதம் அவர் போட்ட மனு பல மாதங்கள் கவனிப்பாரற்றுக் கிடந்தது. அக்டோபரில் அதே மாவட்டத்து லாரி ஓட்டுநர் ஒருவர் நவம்பர் 17 அன்று சாலைகளை மறிக்க அழைப்பு விட்டார். மனு பற்றிக்கொண்டது, டிசம்பர் தொடக்கத்தில் பத்து லட்சம் கையெழுத்துகளைத் தாண்டியிருந்தது. ஒவ்வொரு காரிலும் சட்டப்படி இருந்தாக வேண்டிய மஞ்சள் பாதுகாப்பு அங்கியே அடையாளம் ஆயிற்று.

நவம்பர் 17 அன்று உள்துறை அமைச்சகக் கணக்கின்படியே 2,80,000க்கு மேற்பட்டோர் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட இடங்களில் கூடினார்கள். கட்சி இல்லை, தொழிற்சங்கம் இல்லை, தலைவர் இல்லை. ஊருக்கு வெளியே ரவுண்டானாக்களில் பலகையும் தார்ப்பாயும் கொண்டு குடிசை கட்டி, நெருப்பு மூட்டி, இரவும் பகலும் இருந்தார்கள். தனியாகப் பிள்ளைகளை வளர்க்கும் தாய்மார், ஓய்வு பெற்றவர்கள், முதியோரைப் பராமரிக்கும் பணியாளர்கள், சிறு கடைக்காரர்கள். வாழ்க்கையில் முதன்முறையாகப் போராட்டத்துக்கு வந்தவர்கள் பலர்.

காலநிலைக்கு எதிரான கூட்டம் என்று அவர்களைச் சுருக்கியவர்கள் உண்டு. நவம்பர் இறுதியில் ஊடகங்களுக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் அவர்கள் அனுப்பிய கோரிக்கைப் பட்டியலைப் படித்தால் அந்தக் குற்றச்சாட்டு நிற்காது. எரிபொருள் வரி உயர்வை நிறுத்து என்பதோடு, விமான எரிபொருளுக்கும் கப்பல் எரிபொருளுக்கும் வரி போடு, வீடுகளுக்கு வெப்பக் காப்புப் போடப் பெருந்திட்டம் கொண்டு வா, சரக்கை ரயிலில் ஏற்று, கிளை ரயில் பாதைகளையும் அஞ்சலகங்களையும் பிரசவ மருத்துவமனைகளையும் மூடாதே என்றெல்லாம் அதில் இருந்தது. உலகத்தின் முடிவைப் பற்றி மேலே பேசுகிறார்கள், நாங்கள் மாதக் கடைசியைப் பற்றிப் பேசுகிறோம் என்ற வாசகம் அப்போது ஊரெங்கும் ஒலித்தது. மக்ரோனே நவம்பர் 27 உரையில் அதை எடுத்துச் சொன்னார். ஒரு சட்டத்தை ரத்து செய்ய, ஒரு பிரதிநிதியைத் திரும்ப அழைக்கக் குடிமக்களே பொதுவாக்கெடுப்பைக் கோரும் உரிமை வேண்டும் என்பது சில வாரங்களில் முதன்மைக் கோரிக்கையாக வளர்ந்தது. டீசலில் தொடங்கி ஆட்சிமுறையில் வந்து நின்றார்கள். என்னைப் பொறுத்தவரை 2018இன் மிக முக்கியமான நிகழ்வு இந்த நகர்வுதான்.

இயக்கத்தில் இருண்ட பக்கமும் இருந்தது. சில கூட்டங்களில் யூத வெறுப்பும் இனவெறிப் பேச்சும் கேட்டன. டிசம்பர் 1 அன்று பாரிஸில் வெற்றி வளைவு சூறையாடப்பட்டது. சாலை மறியல்களில் நேர்ந்த விபத்துகளில் உயிர்கள் போயின. இவற்றை மறைத்து எழுதினால் ஆய்வு ஆகாது.

அரசின் கை

டிசம்பர் 8 அன்று நாடு முழுவதும் 89,000 காவலர்களை இறக்கினார்கள். பாரிஸ் தெருக்களில் கவச வாகனங்கள். ஒரே நாளில் ஏறக்குறைய 2,000 பேர் பிடிக்கப்பட்டார்கள். அவர்களில் பலர் போராட்டத் திடலை எட்டும் முன்பே, நீச்சல் கண்ணாடியோ முகமூடியோ வைத்திருந்ததற்காகப் பிடிபட்டவர்கள். ரப்பர் குண்டுத் துப்பாக்கியும் வெடிக்கும் கண்ணீர்ப்புகைக் குண்டும் வாரந்தோறும் பயன்பட்டன. இருபதுக்கும் மேற்பட்டோர் ஒரு கண்ணை இழந்தார்கள். ஐந்து பேருக்குக் கை போயிற்று. மார்செய்யில் தன் நான்காம் மாடி வீட்டு ஜன்னலருகே நின்றிருந்த 80 வயது மூதாட்டி ஒருவர் கண்ணீர்ப்புகைக் குண்டு முகத்தில் பட்டு மறுநாள் இறந்தார். காவலர்களும் நூற்றுக்கணக்கில் காயப்பட்டார்கள். ஓராண்டுக்குள் 3,000க்கு மேற்பட்ட தண்டனைத் தீர்ப்புகள்.

2019 பிப்ரவரியில் ஐரோப்பிய மன்றத்தின் மனித உரிமை ஆணையர் ரப்பர் குண்டுத் துப்பாக்கியை நிறுத்திவைக்கச் சொன்னார். மார்ச்சில் ஐ.நா. மனித உரிமை ஆணையர் மிஷேல் பாச்லே முழு விசாரணை கோரினார். அதே வசந்தத்தில் அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது: நீதிபதியின் உத்தரவு இல்லாமலே ஒருவரைப் போராட்டத்துக்குப் போகவிடாமல் தடுக்கும் அதிகாரம் மாவட்ட நிர்வாகிக்கு. அந்தப் பிரிவை அரசியல் சாசன மன்றம் ஏப்ரல் 4 அன்று வெட்டியது.

தாராளவாத ஜனநாயகத்தின் உடல்நலம் என்று பேசும்போது நான் பார்ப்பது இந்தப் பகுதியைத்தான். ஆட்சி மாறவில்லை, நாடாளுமன்றம் கூடியது, நீதிமன்றம் தன் வேலையைச் செய்தது. ஆனாலும் நல்ல நோக்கத்தோடு வந்த ஒரு சுற்றுச்சூழல் வரி, ஒரே குளிர்காலத்துக்குள் கூட்டம் கூடும் உரிமையைச் சுருக்கும் சட்டம்வரை நாட்டை இழுத்து வந்துவிட்டது. இசைவைப் பெறாமல் வேகமாகப் போகிற அரசு, எதிர்ப்பு வந்ததும் காவல்துறையை நம்பவேண்டி வருகிறது.

பணமும் பேச்சும்

கிளர்ச்சிக்கு மூன்று நாள் முன்பு, நவம்பர் 14 அன்று, பிரதமர் எதுவார் பிலிப் 50 கோடி யூரோ உதவி அறிவித்தார்: எரிசக்திக் கட்டணம் செலுத்த எளியவர்களுக்குத் தரும் எரிசக்திக் காசோலையைப் பெறும் குடும்பங்களைக் கூட்டுதல், பழைய காரை மாற்ற அதிக மானியம். டிசம்பர் 4 அன்று வரி உயர்வு ஆறு மாதம் ஒத்திவைப்பு. மறுநாளே 2019 உயர்வு முழுவதும் ரத்து. டிசம்பர் 10 அன்று மக்ரோன் தொலைக்காட்சியில் தோன்றி, குறைந்தபட்சக் கூலி வாங்குவோருக்கு மாதம் 100 யூரோ கூடுதல், மிகைநேர ஊதியத்துக்கு வரிவிலக்கு, மாதம் 2,000 யூரோவுக்குக் கீழ் உள்ள ஓய்வூதியர்களுக்குச் சமூக வரி உயர்வு ரத்து என்று அறிவித்தார். மொத்தம் சுமார் 1,000 கோடி யூரோ. 2019 வரி உயர்வால் கிடைத்திருக்கக்கூடியது ஏறக்குறைய 400 கோடி. அதில் பாதியை முதலிலேயே திருப்பித் தந்திருந்தால் என்ற எண்ணம் இந்தக் கணக்கைப் பார்க்கும் எவருக்கும் வரும்.

2019 ஜனவரி 15 அன்று தேசிய மாவிவாதம் தொடங்கியது. மக்ரோன் ஊர் ஊராகப் போய் மேயர்களோடு மணிக்கணக்கில் நின்றுகொண்டே பேசினார். 10,000 அளவில் உள்ளூர்க் கூட்டங்கள், இணையத்தில் 19 லட்சம் கருத்துகள். நகராட்சிகளில் வைத்த குறைகேட்பு ஏடுகளில் லட்சக்கணக்கானோர் கைப்பட எழுதினார்கள். ஆனால் செல்வ வரி திரும்பாது என்பதை அதிபரின் அழைப்புக் கடிதமே முன்கூட்டிச் சொல்லிவிட்டது. ஏடுகளை எல்லோரும் படிக்க வெளியிடுவோம் என்றார்கள். அவை மாவட்ட ஆவணக் காப்பகங்களில் அடைபட்டன. 2025 மார்ச்சில்தான் தேசியச் சட்டமன்றம் அவற்றை வெளியிடக் கோரித் தீர்மானம் போட்டது. ஆறு ஆண்டுகள். எழுதியவர்களில் சிலர் அதற்குள் இறந்தும் போயிருப்பார்கள்.

150 பேர்

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் நம்பிக்கை தந்த பகுதியும் மிகவும் வலித்த பகுதியும் ஒன்றே: காலநிலைக்கான குடிமக்கள் அவை.

மஞ்சள் அங்கியினர் சிலரும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் சேர்ந்து முன்வைத்த யோசனை அது. திரைப்பட இயக்குநர் சிரில் தியோன் அதற்காக மக்ரோனிடம் பேசியவர்களில் ஒருவர். 2019 ஏப்ரல் 25 அன்று மக்ரோன் ஒப்புக்கொண்டார். தொலைபேசி எண்களைக் குலுக்கி, பாலினம், வயது, படிப்பு, தொழில், ஊர் ஆகியவற்றில் நாட்டைப் பிரதிபலிக்கும்படி 150 பேரைத் தேர்ந்தார்கள். பணி இது: 1990 அளவோடு ஒப்பிட்டு 2030க்குள் உமிழ்வை 40 சதவீதமாவது குறைக்க, சமூக நீதி குலையாமல், வழி சொல்லுங்கள். பாரிஸ் ஒப்பந்தப் பேச்சை நடத்திய லோரான்ஸ் துய்பியானாவும் சிந்தனையாளர் தியெரி பெஷும் இணைத் தலைவர்கள்.

2019 அக்டோபர் முதல் 2020 ஜூன் வரை, இடையில் கொரோனா ஊரடங்கையும் தாண்டி, ஏழு வாரயிறுதிகள் கூடினார்கள். முதல் கூட்டத்தில் காலநிலை அறிவியலாளர்கள் பேசியபோது பலருக்கும் அதிர்ச்சி. இவ்வளவு மோசம் என்று தெரியாது என்றார்கள். அதன் பிறகு அவர்கள் உழைத்த விதம், சாதாரண மக்களுக்கு இதெல்லாம் புரியாது என்று சொல்லிப் பழகியவர்களுக்கு நல்ல பதில். 149 பரிந்துரைகள் தந்தார்கள்: நெடுஞ்சாலை வேகத்தை 110 கிலோமீட்டராகக் குறைப்பது, வீடுகளைக் கட்டாயமாகப் புதுப்பிப்பது, 1,400 கிலோவுக்கு மேற்பட்ட கார்களுக்கு எடைவரி, நான்கு மணி நேரத்துக்குள் ரயிலில் போகக்கூடிய இடங்களுக்கு உள்நாட்டு விமானத்தை நிறுத்துவது, பெரும் பங்காதாயங்களுக்கு 4 சதவீத வரி. இவற்றில் பல கரிம வரியைவிடக் கடுமையானவை. கரிம வரியை மட்டும் அவர்கள் தொடவில்லை. அது யாரைத் தாக்கும் என்று நன்றாக அறிந்தவர்கள் அந்த அறையில் உட்கார்ந்திருந்தார்கள்.

மக்ரோன் தந்த வாக்குறுதி: அவை சொல்வதை வடிகட்டாமல் பொதுவாக்கெடுப்புக்கோ நாடாளுமன்றத்துக்கோ அரசாணைக்கோ அனுப்புவேன். 2020 ஜூன் 29 அன்று மூன்றை நிராகரித்தார்: வேக வரம்பு, பங்காதாய வரி, அரசியல் சாசன முன்னுரைத் திருத்தம். மீதி 146ஐ ஏற்பதாகச் சொன்னார். அதன் பிறகுதான் வடிகட்டல் நடந்தது. எடைவரி 1,400 கிலோவிலிருந்து 1,800 கிலோவுக்கு ஏறியது. விமானத் தடை நான்கு மணியிலிருந்து இரண்டரை மணிக்கு இறங்கியது. வீடு புதுப்பிப்பில் கட்டாயம் தளர்ந்தது. 150 பேர் எழுதியதெல்லாம் பைபிளோ குர்ஆனோ ஆகிவிடாது என்று டிசம்பரில் அதிபர் சொன்னபோது உறுப்பினர்கள் பட்ட மனக்காயத்தை அப்போதைய அவர்களின் பேட்டிகளில் காணலாம். 2021 பிப்ரவரியில் கடைசியாகக் கூடி, தங்கள் பரிந்துரைகளை அரசு எடுத்துக்கொண்ட விதத்துக்கு மதிப்பெண் போட்டார்கள். பத்துக்கு 3.3. அரசியல் சாசனத்தின் முதல் பிரிவில் காலநிலையைச் சேர்க்கும் பொதுவாக்கெடுப்பும், மேலவையும் கீழவையும் வாசகத்தில் உடன்படாததால், அந்தக் கோடையில் கைவிடப்பட்டது.

இதில் நாடாளுமன்ற உறுப்பினர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. வாக்குப் பெற்று வந்த எங்களைவிடக் குலுக்கலில் வந்தவர்கள் மேலா என்று அவர்கள் கேட்டார்கள். சரியான கேள்வி. சட்டம் இயற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு என்று அரசியல் சாசனம் சொல்லும்போது, வடிகட்டாமல் நிறைவேற்றுவேன் என்று ஓர் அதிபர் தனியாக வாக்குக் கொடுத்ததே தவறு. அவையின் பரிந்துரை ஒவ்வொன்றுக்கும் நாடாளுமன்றம் காரணத்தோடு பதில் சொல்லும், ஏற்காதவற்றில் முக்கியமானவை மக்கள் வாக்குக்குப் போகும் என்று முதலிலேயே விதி எழுதியிருந்தால் இரு தரப்பின் மரியாதையும் காப்பாற்றப்பட்டிருக்கும். கலந்தாலோசித்துவிட்டுக் கைவிடுவது, கலந்தாலோசிக்காமலே இருப்பதைவிட அதிக நம்பிக்கையை அழிக்கிறது. ஒன்பது மாதம் உழைத்த 150 பேரும் தங்கள் ஊர்களுக்குப் போய் என்ன சொல்லியிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

பிறகு

நம்பிக்கை போனபின் நல்ல திட்டமும் விற்காது. கிளர்ச்சிக்குப் பின் பிரெஞ்சு மக்களிடம் நடத்திய ஆய்வு ஒன்றில், கரிம வரி வசூல் முழுவதையும் வயது வந்தோருக்குச் சமமாகப் பகிர்ந்து தரும் திட்டத்தைப் பெரும்பாலோர் நிராகரித்தார்கள். தங்களுக்கு நேரும் இழப்பை உண்மையைவிட அதிகமாக மதிப்பிட்டார்கள். திட்டத்தால் லாபம் பெறக்கூடியவர்களும் நட்டம் என்றே நம்பினார்கள். 2009இல் எளிதாக ஏற்கப்பட்டிருக்கக்கூடிய காசோலை, 2019இல் யாரும் நம்பாத வாக்குறுதி ஆகிவிட்டது. சுவீடன் 1991இல் கரிம வரி கொண்டுவந்தபோது, அதே சீர்திருத்தத்தில் வருமான வரியைக் குறைத்தது. இன்று அங்கே டன்னுக்கு 100 யூரோவுக்கு மேல். சுவீடன்காரர்களுக்குப் பூமி மேல் அதிக அன்பு என்பதால் வந்த வித்தியாசம் இல்லை இது.

2022இல் உக்ரைன் போரால் விலை ஏறியதும் பிரெஞ்சு அரசு நேர் எதிர்த் திசையில் ஓடியது. ஏப்ரலில் லிட்டருக்கு 18 சென்ட், செப்டம்பரில் 30 சென்ட் என்று பணக்காரர் ஏழை பாராமல் எல்லோருக்கும் எரிபொருள் தள்ளுபடி. அந்த ஆண்டு அதிபர் தேர்தலில் எரிசக்தி மீதான மதிப்புக் கூட்டு வரியை 20இலிருந்து 5.5 சதவீதமாகக் குறைப்பேன், காற்றாலைகளைப் பிரித்தெடுப்பேன் என்று வாக்குக் கேட்ட தீவிர வலதுசாரித் தலைவர் மரீன் லெ பென் இரண்டாம் சுற்றில் 41.5 சதவீதம் பெற்றார். 2017இல் அவர் பெற்றது 33.9. இந்த உயர்வுக்கு டீசல் மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கார் இல்லாமல் வாழ முடியாத ஊர்களில் அவர் கட்சி பேசும்போது காது கொடுக்க ஆள் இருக்கிறது.

2024 ஜனவரியில் விவசாயிகள் டிராக்டர்களோடு நெடுஞ்சாலைகளை மறித்ததும், விவசாய டீசல் வரி உயர்வைப் பிரதமர் கப்ரியேல் அத்தால் ரத்து செய்தார். 2025இல் பழைய கார்களைப் பெருநகரங்களுக்குள் விடாத குறைந்த உமிழ்வு மண்டலங்களை நீக்கத் தேசியச் சட்டமன்றம் வாக்களித்தது. வலதுசாரிகளும் தீவிர இடதுசாரிகளும் அதில் ஒரே பக்கம் நின்றார்கள்.

அடுத்த வரி இதற்குள் ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸில் தயாராகிவிட்டது. வீட்டு வெப்பத்துக்கும் சாலை எரிபொருளுக்கும் கரிம விலை வைக்கும் இரண்டாவது ஐரோப்பிய உமிழ்வுச் சந்தை 2023இல் சட்டமாயிற்று. 2027இல் தொடங்க வேண்டிய அதை 2028க்குத் தள்ளிவைக்க உறுப்பு நாடுகளின் சுற்றுச்சூழல் அமைச்சர்கள் 2025 நவம்பரில் உடன்பட்டார்கள். இந்த முறை எளிய குடும்பங்களுக்கு ஈடு செய்யச் சமூகக் காலநிலை நிதி என்று ஒன்று சட்டத்திலேயே இருக்கிறது. 2026 முதல் 2032 வரை அதிகபட்சம் 8,670 கோடி யூரோ. அந்தப் பணத்தை யாருக்கு, எப்படித் தருவோம் என்ற திட்டத்தை ஒவ்வொரு நாடும் 2025 ஜூன் 30க்குள் அனுப்பியிருக்க வேண்டும். பெரும்பாலான நாடுகள் அந்தத் தேதியைத் தவறவிட்டன.